லீசலின் இடது கொம்பு

ஓபர்லான்,
8 ஆகஸ்ட் 1954

அன்புள்ள சென்சி அக்காவுக்கு,

புர்கி எழுதுகிறேன். நான் நலம். மாடுகள் நலம். அஃப்ரா அத்தை தனக்கு நலமில்லை என்று தினமும் மூன்று வேளை சொல்லிக்கொண்டு நலமாக இருக்கிறாள். அப்பாவும் நலம்தான். கசியான் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டும் கசியாத மனிதருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது.

இனி விஷயம். நாற்காலியில் உட்கார்ந்து படி. டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள். நம் வீட்டில் சினிமா எடுக்கிறார்கள். நீ மாட்டுக் கொட்டகையை விட்டுவிட்டுச் சினிமாக் கொட்டகைக்குப் போனாய். இப்போது சினிமா உன்னைத் தேடிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டது. யார் பெரிய ஆள் பார்.

மூனிக்கிலிருந்து மூன்று லாரியும் பதினெட்டு பேரும் வந்து இறங்கியிருக்கிறார்கள். டைரக்டர் ஹெர் ஃபெர்பர் குள்ளமாக, கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் விரல்களைச் சட்டம்போல மடக்கி அதற்குள் பார்க்கிறார். நம் எருக்குழியையும் அப்படிப் பார்த்து "அற்புதம்" என்றார். அப்பா முதல் நாள் வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். ஆனால் அந்த மனிதர் லீசலைப் பார்த்து, "இந்த மாடு நடக்கிற நடைக்கு எங்கள் கதாநாயகி பாடம் படிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். மாட்டைப் புகழ்ந்தால் அப்பா தன் பல்லைக்கூடக் கழற்றிக் கொடுப்பார் என்று உனக்குத் தெரியாதா. வீடு போயிற்று. இப்போது நம் மாடித் தாழ்வாரத்தில் எனக்குத் தெரியாத பூச்செடிகள் பன்னிரண்டு தொட்டிகளில் நிற்கின்றன.

படத்தின் கதையை டைரக்டர் அப்பாவுக்குச் சொன்னபோது நான் மேஜைக்கு அடியில் கரண்டி தேடிக்கொண்டிருந்தேன். கரண்டி தொலையவில்லை என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

"ஒரு பொண்ணு பட்டணத்துக்குப் போயிடறா. ரெண்டு வருஷம் கழிச்சு, மாடுங்க மலையிலேருந்து இறங்கற அன்னிக்குத் திரும்பி வர்றா" என்றார் டைரக்டர்.

"ஏன் வர்றா?"

"மண்ணு மேல பாசம்."

"அப்பன் என்ன பண்றான்?"

"கதவத் திறந்து கட்டிப் புடிச்சுக்கறார்."

"அவன் ஏன் திறக்கறான்?"

டைரக்டர் கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "படம் முடியணுமே" என்றார்.

அப்பா எழுந்து போய்விட்டார். எனக்கு மேஜைக்கு அடியில் அவருடைய பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. அது வாசல் வரை போய் அங்கேயே வெகுநேரம் நின்றது.

கோடை மேய்ச்சல் முடிந்து மாடுகள் பூ வைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கும் செப்டம்பர் வரை அந்தக் காட்சி காத்திருக்காதாம். கதாநாயகி ஃப்ராய்லைன் இசோல்டே பெர்லின்காரி, அவளுக்கு அடுத்த மாதம் அங்கே வேறு படம். ஆகவே ஆகஸ்டிலேயே நம் பதினான்கு மாடுகளையும் ஒரு நாள் இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். அலங்காரம் செய்ய ஃப்ராவ் லோட்டே என்று ஒரு அம்மாள் நானூறு காகித ரோஜா செய்து வைத்திருக்கிறாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மாடு வரும். பூ வராது.

"வீட்ல ஒரு ஆள் குறைஞ்சிருக்கு. ஆள் குறைஞ்ச வீட்டு மாடு பூ வெக்காது. ரெண்டு வருஷமா வெக்கல."

டைரக்டர் பாவம், யாரோ இறந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து என் தோளைத் தட்டினார். நானும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டேன். உனக்காகத்தான் துக்கம் விசாரிக்கிறார் என்று நினைத்தபோது சிரிப்பு வந்து இருமலாக மாற்ற வேண்டியதாயிற்று.

இசோல்டே பற்றி ஒரு வரி. மாடு கறக்க என்னிடம் கற்றுக்கொள்கிறாள். கறப்பதற்கு முன் மாட்டுக்கு முன்னால் குனிந்து தன் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் மலை மாடு பால் தராது என்று சொல்லி வைத்தேன். மூன்று நாளாகச் சொல்கிறாள். இன்று காலை கேமராக்காரரும் விளக்குப் பிடிக்கிறவரும் லீசலுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். லீசல் ஒவ்வொருவரையும் நல்ல குடும்பமா என்று பார்ப்பதுபோலப் பார்த்தது.

எமில் அத்தானுக்கு என் வணக்கம். அவர் இன்னும் இருட்டில்தான் சம்பாதிக்கிறாரா?

உன் வாலுள்ள தங்கை,
புர்கி

⁂

இன்ஸ்ப்ரூக்,
13 ஆகஸ்ட் 1954

அன்பு வாலுக்கு,

உன் கடிதத்தை மாலைக் காட்சி நடக்கும்போது கவுன்டரில் படித்தேன். ஒருவருக்கு மூன்று டிக்கெட்டுக்குப் பதில் முப்பது டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், திருப்பித் தந்தார். இனி நீ கடித உறையின் மேல் "வேலை நேரத்தில் படிக்காதே" என்று எழுதி அனுப்பு.

அந்தப் பெண்ணைப் படுத்தாதே புர்கி. பெர்லினில் பிறந்தது அவள் குற்றமா. கறக்கும்போது கட்டை விரலை உள்ளே மடக்கச் சொல், இல்லாவிட்டால் கை வீங்கிவிடும். குனிந்து பெயர் சொல்வதை மட்டும் நிறுத்தச் சொல்லாதே. எமில் விழுந்து விழுந்து சிரித்தார், ஒரு ரீல் மாற்றத் தாமதமாகி மக்கள் விசிலடித்தார்கள்.

ஆமாம், இருட்டில்தான் சம்பாதிக்கிறார். அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஊரும் இல்ல, ஒரு முழம் மண்ணும் இல்ல. இருட்ல உக்காந்து சம்பாதிக்கறவன். மாட்டுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு தெரியாதவன்." ஊர் இல்லாதது அவர் தவறா. போருக்குப் பிறகு அந்த ஊரிலிருந்து அத்தனை பேரையும்தான் ஒரு பெட்டியோடு கிளப்பிவிட்டார்கள். மாடு விஷயம் மட்டும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

பூ வேண்டாம் என்று அப்பா சொன்னாரா. இரண்டு வருடமாக நம் மாடுகள் மட்டும் மொட்டைத் தலையோடு இறங்கும்போது பள்ளத்தாக்கு முழுவதும் என்ன நினைத்திருக்கும். நான் செத்துப்போய்விட்டேன் என்று மணி அடித்துச் சொல்வது போலத்தானே அது. போன கிறிஸ்துமஸுக்கு நாங்கள் படியில் நின்றபோதும் அவர் கதவைத் திறக்காமல் அதையேதான் செய்தார், மணி மட்டும் அடிக்கவில்லை. நீ மாடியிலிருந்து எறிந்த பேரிக்காய் ரொட்டி எமில் நெற்றியில் பட்டு வீங்கியது நினைவிருக்கிறதா. "உங்கள் வீட்டில் என்னை ரொட்டியோடு வரவேற்றார்கள்" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வை. அப்பா கூப்பிட்டால் அன்றைக்கே கிளம்பி வருவேன். அவர் கூப்பிடாமல் அந்தப் படியில் இன்னொரு முறை நிற்க மாட்டேன். எனக்காக இல்லை, எமிலை இன்னொரு முறை பனியில் நிறுத்த எனக்கு மனம் வராது.

லீசலுக்குப் பூ கட்டும் மகுடக் கம்பி இன்னும் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறதா?

அன்புடன்,
சென்சி

⁂

ஓபர்லான்,
22 ஆகஸ்ட் 1954

அன்புள்ள அக்கா,

கம்பி தொங்குகிறது. தூசியும் தொங்குகிறது. ஆனால் அது பழைய செய்தி. புதுச் செய்தி இது: வியாழக்கிழமை நம் மாடுகள் பூ வைத்துக்கொண்டு இறங்கின.

ஆம். பதினான்கும். தலை நிறைய.

ஃப்ராவ் லோட்டே ரோஜாக்களைக் கட்ட, நான் மாட்டைப் பிடிக்க, இசோல்டே ஒவ்வொரு மாட்டிடமும் தன் முழுப்பெயரைச் சொல்ல, விடியற்காலையிலிருந்து ஆறு மணி நேரம் ஆயிற்று. லீசலுக்கு அந்த அம்மாள் அட்டையில் ஒரு மகுடம் செய்திருந்தாள், ஜரிகையும் கண்ணாடியும் வைத்து. லீசலின் இடது கொம்பு கீழே இறங்கியிருப்பதை அவள் கவனிக்கவில்லை. மகுடம் பத்தடிக்கு ஒரு தடவை இடது கண்மேல் சரிந்து, குடித்துவிட்டு வரும் ராணி மாதிரி நடந்தது. டைரக்டர் "கட்" என்று கத்தினால் மாடுகள் நிற்கும் என்று நினைத்தார். நம் மாடுகளுக்குக் கட்டு என்றால் அவிழ்த்துக்கொண்டு ஓடத்தான் தெரியும்.

மேல் வளைவு வரைக்கும் நன்றாக வந்தது. பெரிய மணிகள் ஒலிக்க, இசோல்டே முன்னால் நடக்க, நான் மாட்டை ஓட்டுவதை மறந்து பார்த்துக்கொண்டே நடந்தேன் அக்கா. பிறகு மழை வந்தது. காகித ரோஜாவின் சாயம் எல்லாம் கரைந்து வழிந்து, மூன்று மாடு நீலம், ஐந்து மாடு இளஞ்சிவப்பு, மற்றவை இரண்டும் கலந்து. லீசல் முன்னால் போன கன்றின் மாலையைத் தின்றுவிட்டது. டைரக்டர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு புல்லில் படுத்துவிட்டார்.

ஆனால் கதை இனிமேல்தான். பள்ளத்தாக்கில் கீழே இருந்தவர்களுக்குக் கேமரா தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கசியான் வீட்டு மாடு பூ வைத்து இறங்குகிறது என்பது மட்டும்தான். ஆகஸ்டில் ஏன் இறங்குகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பூ என்றால் வீட்டில் ஆள் குறையவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் நம் ஊர் யோசிக்குமா. மூன்று மணிக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. மாவுமில்லுக்காரி ஒரு கூடை நிறையக் கிராப்ஃபன் பணியாரம் பொரித்து எடுத்து வந்தாள். பாதிரியார் சைக்கிளில் வந்தார். அஃப்ரா அத்தை எதுவும் புரியாமலேயே அழுதாள். எல்லை வேலிச் சண்டையில் இரண்டு வருடமாக நம் வீட்டுப் பக்கம் தலை திருப்பாத ரூப்பர்ட் மாமாகூட ஜென்ஷியன் வேர்ச் சாராயப் பாட்டிலோடு வந்து நின்றார்.

அப்பா அப்போது வண்டியிலிருந்து இறங்குகிறார்.

"கசியான், நல்ல காரியம் பண்ணின. பொண்ண மன்னிச்சிட்டியாமே" என்றார் ரூப்பர்ட் மாமா. "நானா இருந்தா போன வருஷமே பண்ணிருப்பேன். ஆனா நீ எப்பவும் ஒரு வருஷம் பின்னாடிதானே. உருளைக்கெழங்கும் அப்டித்தான் போடுவ."

அப்பா நீல மாடுகளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததுதான் நீளம். பிறகு வாயைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அஃப்ரா," என்றார், "சின்ன கண்ணாடி டம்ளரெல்லாம் எங்க வெச்சிருக்க?"

அவ்வளவுதான் அக்கா. ஊற்றினார். குடித்தார்கள். பாதிரியார் "எப்ப வர்றாங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டபோது, அப்பா டம்ளருக்குள்ளே பார்த்துக்கொண்டு, "மாடு நிஜமா இறங்கறப்ப" என்றார்.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. கிராப்ஃபன் பதினொன்று தின்றேன்.

உன்,
புர்கி

⁂

இன்ஸ்ப்ரூக்,
25 ஆகஸ்ட் 1954

என் தங்கமே,

உன் கடிதம் வந்தது. நான்கு தடவை படித்துவிட்டேன். எமில் ஐந்தாவது தடவை சத்தமாகப் படித்தார், "சின்ன கண்ணாடி டம்ளர்" வந்ததும் நிறுத்தி அந்த வரியை மறுபடி படித்தார். அவருக்கு டம்ளர் எது என்றுகூடத் தெரியாது. விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற அம்மாவின் டம்ளர் என்று நான்தான் சொன்னேன்.

அப்பா பூ வைக்க விட்டார். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அடுப்பு மூட்டும்போது சொல்கிறேன், படியேறும்போது சொல்கிறேன்.

உன்னிடம் ஒளித்து வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நீ சித்தி ஆகப்போகிறாய். வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. முதலில் அந்த வீட்டுக்குத் தெரிந்தபின்தான் மற்றவர்களுக்கு என்று பிடிவாதமாக இருந்தேன், பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும்.

இதனுள் அப்பாவுக்கு ஒரு சின்னக் கடிதம் மடித்து வைத்திருக்கிறேன். நாலே வரி. நீ படிக்காதே. படிப்பாய் என்று தெரியும், படித்துவிட்டு மறுபடி ஒழுங்காக மடி. அவர் கையில் நீயே கொடு. கறவைக்குப் பின் கொடு, முன்னால் வேண்டாம்.

எமில் நாளைக்கு ரயில் நிலையத்துக்குப் போய்ச் செப்டம்பர் வண்டி நேரம் கேட்கப் போகிறார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் சென்சி

⁂

ஓபர்லான்,
28 ஆகஸ்ட் 1954

அக்கா,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவது இது.

போன கடிதத்தில் நான் பொய் எதுவும் எழுதவில்லை. ஆனால் ஒன்றை எழுதவில்லை. பூ வைக்க அப்பா விடவில்லை. வியாழக்கிழமை அவர் அரிவாள் தகடு வாங்கக் கீழே சந்தைக்குப் போயிருந்தார். அவர் வண்டி வளைவைத் தாண்டியதும் நான் ஃப்ராவ் லோட்டேவிடம் போய், "அப்பா மனசு மாறிட்டார், பூ வைக்கலாம்னு சொல்லிட்டுப் போனார்" என்று சொன்னேன். அந்த அம்மாள் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஊர் இப்படிக் கூடும் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. அப்பா திரும்பி வந்து முறைப்பார், இரண்டு நாள் திட்டுவார், தவளையைத் தொப்பிக்குள் வைத்த அன்று போல முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பிறகு கிராப்ஃபன் வந்தது, பாதிரியார் வந்தார், அப்பா டம்ளர் கேட்டார். எனக்கே குழம்பிவிட்டது. அன்று ராத்திரி உனக்கு எழுதும்போது, நானே அதை நம்பினேன் என்று நினைக்கிறேன். நீ சந்தோஷப்படுவதைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது.

கூட்டம் போனபின் அப்பா ஒரு வாளியையும் பிரஷையும் நீட்டினார். பதினான்கு மாட்டின் வாலிலிருந்தும் காகிதக் கூழை எடுத்தேன். ஒன்பது நாள் ஆகியும் லீசலின் நெற்றி இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. ஒன்பது நாளாக "உப்பை எடு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஊரில் யார் கேட்டாலும் அவர் மறுப்பதும் இல்லை, ஆமாம் என்பதும் இல்லை. வாயில் தாழ்ப்பாள்.

உன் நாலு வரிக் கடிதம் என் மேலங்கிப் பையில் இருக்கிறது. படித்தேன். ஒழுங்காக மடித்தேன். "பூ வைத்ததற்கு நன்றி அப்பா" என்று தொடங்கி ஜனவரியில் முடிகிறது. இதை நான் எப்படிக் கொடுப்பேன், எப்படிக் கொடுக்காமல் இருப்பேன். நீ சொல்.

என்னைத் திட்டு. நிறையத் திட்டு, ஒரு முழுத் தாளுக்குத் திட்டு. ஆனால் எழுது.

புர்கி

⁂

இன்ஸ்ப்ரூக்,
31 ஆகஸ்ட் 1954

நோட்புர்கா,

கடிதத்தை எரித்துவிடு. எமில் வாங்கிவந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

கிரெசென்ஸ்

⁂

ஓபர்லான்,
10 செப்டம்பர் 1954

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். பத்து நாள் எழுதவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய சாதனை என்று யோசித்துவிட்டுக் கோபப்படு.

நோட்புர்கா என்று என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதற்கு முன் ஞானஸ்நானத் தொட்டியில்தான். நீயும் சென்சியை விட்டுவிட்டுக் கிரெசென்ஸ் என்று முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

கடிதத்தை எரிக்க அடுப்புவரை போனேன். அஃப்ரா அத்தை ரொட்டி வைத்திருந்தாள். அடுப்புக் கதவைத் திறந்து, மூடி, திறந்து, மூடி நின்றேன். "ரொட்டிய சாகடிக்காதடி" என்று கத்தினாள். ரொட்டியைக் காப்பாற்றுவதற்காகக் கடிதத்தையும் காப்பாற்றும்படி ஆயிற்று.

திங்கட்கிழமை மலைமேல் மேய்ச்சல் குடிலில் மாலைக் கறவை முடிந்ததும் அப்பாவிடம் நீட்டினேன். "அக்கா எழுதினது" என்றேன். அவர் கையைக் கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்தார். லீசலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு படித்தார், மாட்டு முதுகுக்கு மேல் தொப்பி மட்டும் தெரிந்தது. நாலு வரி. எட்டு மாடு கறக்கிற நேரம் ஆயிற்று.

பிறகு தொப்பி பேசியது.

"பூ வெச்சதுக்கு நன்றின்னு எழுதிருக்கா. நான் வெக்கலன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. உண்மைய எழுதிட்டேன்."

"என்ன சொன்னா?"

"எரிக்கச் சொன்னா."

"அப்புறம் ஏன் எங்கிட்ட குடுத்த?"

"எனக்குச் சொன்ன பேச்சு கேக்கத் தெரியாதுன்னு நீங்கதானே தினம் சொல்றீங்க."

தொப்பி கொஞ்சம் ஆடியது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. நம் குடும்பத்தில் ஒன்றை மற்றதாக மாற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் புரிந்தது.

"அன்னிக்கு ரூப்பர்ட் கேட்டப்ப," என்றார், "இல்ல, மன்னிக்கலன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அத்தன பேருக்கு முன்னாடி, என் பொண்ணு எனக்குச் செத்துட்டான்னு சத்தமாச் சொல்லணும். ரெண்டு வருஷமா மாட்ட வெச்சுத்தான் சொல்லிட்டிருந்தேன். வாயால சொன்னதில்ல." லீசலின் முதுகைத் தட்டினார். "வரல."

நான் பால் வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

கீழே இறங்கி வரும் வழியில் விரலை மடக்கினார். "குறைஞ்சது ஒண்ணு. வர்றது மூணு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது, வேலிக் கம்பத்திடம் இருக்கலாம்.

மறுநாள் காலை லீசலின் மகுடக் கம்பி சமையலறை மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் சுத்தியல், இடுக்கி, அப்பா. கம்பி கோணலாக இருக்கிறதாம், ஆணியில் தொங்கியே கெட்டுப்போய்விட்டதாம். நிமிர்த்துகிறார். இன்று நான்காம் நாள். அடிக்கிற சத்தத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. ஹெர் ஃபெர்பர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார், இசோல்டே போய்விட்டாள், போகும்போது லீசலிடம் பெயர் சொல்லி விடைபெற்றாள். செப்டம்பரில் நிஜமாக மாடு இறங்குவதைப் பூவோடு எடுக்கலாமா என்று அவர் பயந்துகொண்டே கேட்டார்.

"எடுத்துக்குங்க. காகிதம் கிடையாது" என்றார் அப்பா.

"எப்படி மனசு மாறிச்சு?"

அப்பா கம்பியில் ஒரு அடி போட்டார். "படம் முடியணுமே."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து என் தோளுக்கு மேல் நின்றுகொண்டிருக்கிறார். மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. "பேனாவக் குடு" என்கிறார். கொடுக்கிறேன்.

கிரெசென்ஸ்,

மாடு பதினெட்டாம் தேதி சனிக்கிழமை இறங்குகிறது. லீசலின் மகுடக் கம்பி கோணிக்கிடக்கிறது. நாலு நாள் அடித்தும் நிமிரவில்லை. இங்கே பூக் கட்டத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வெள்ளிக்கிழமையே வந்தால்தான் வேலை முடியும். கதவு திறந்திருக்கும். அவரையும் கூட்டி வா. ஏணி பிடிக்க ஆள் வேண்டும். நீ ஏணியில் ஏறாதே.

~~கசியான்~~ அப்பா

அக்கா, மறுபடி புர்கி. அந்த அடித்தலைப் பார்த்தாயா. முதலில் பெயரை எழுதிவிட்டு, பேனாவை உதறி, யோசித்து, அடித்துவிட்டு அதை எழுதினார். பக்கத்தில் இருக்கும் நனைந்த வட்டம் மை இல்லை. மழையும் இல்லை, நாங்கள் சமையலறையில் இருக்கிறோம். இனி இவருக்கு வேறு பெயர் பார்க்க வேண்டும்.

பதில் போடு. திட்டியாவது போடு.

புர்கி

⁂

இன்ஸ்ப்ரூக்,
13 செப்டம்பர் 1954

அன்புள்ள அப்பாவுக்கும், எழுதாதே என்றால் எழுதுகிறவளுக்கும்,

வெள்ளிக்கிழமை மதிய வண்டியில் வருகிறோம். இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று, மூன்றாவது ஆளுக்கு இப்போதைக்கு டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

புர்கி, சித்தியாகப் போகிறவளை ஜனவரி வரைக்கும் கோபித்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. தேவதாரு இலைக் கொத்தை வியாழக்கிழமைக்கு முன் வெட்டாதே, உதிர்ந்துவிடும். சிவப்புக் காட்டுப்பழக் கொத்து நாலு கூடை. ரோஜா சுருட்ட மரச்சீவல் தச்சனிடம் சொல்லி மெல்லியதாக இழைத்து வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வை. சிவப்பு நாடா என் பழைய பெட்டியில் அடியில் இருக்கும், நீ எடுத்துத் தலையில் கட்டித் தொலைத்திருக்காவிட்டால்.

எமில் மூன்று நாளாக அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி, குனிந்து, தன் முழுப்பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். அது உன் குறும்பு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் லீசலிடம் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்கிறார். முதலில் லீசல், பிறகு அப்பா. நெற்றிக்கு மட்டும் இந்த முறை பாதுகாப்புக் கேட்கிறார், ரொட்டியைக் கையில் கொடுக்கவும்.

அப்பா, சுத்தியலைக் கீழே வையுங்கள். கம்பி கெட்டுப்போகவில்லை. லீசலுக்கு இடது கொம்பு இறங்கி வளர்ந்ததால் நான்தான் அதை அப்படி வளைத்தேன். நிமிர்த்தினால் அதன் தலையில் நிற்காது. நீங்கள் அடித்ததையெல்லாம் நான் வந்து மறுபடி கோணலாக்கிக் கொள்கிறேன்.

உங்கள்,
சென்சி